வேம்பும் அன்னையின் திருக்கரமும்

திருச்சிற்றம்பலம்.



புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன்கோயிலிலே எம்பெருமான் வைத்தியநாதனாக எழுந்தருளியிருக்கின்றான். அங்காரகனுடைய நோய் தீர்க்கப் பெருமான் மருத்துவனாய் வந்தபோது, தையல்நாயகி தைலப்பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்பது தலவரலாறு. அத்தலத்தின் விருட்சம் வேம்பு. கிருதயுகத்தில் கடம்பாகவும், திரேதாயுகத்தில் வில்வமாகவும், துவாபரயுகத்தில் மகிழாகவும் விளங்கிய தலமரம் இக்கலியுகத்தில் வேம்பாயிற்று என்று பெரியோர் கூறுவர்.

கலியுகத்து மாந்தர்க்கு அம்மரம் புரியும் உபகாரம் கொஞ்சமோ! அம்மை கண்ட இல்லத்து வாயிலிலே வேப்பிலை; தலைக்கு நீர் விடும் நாளில் அந்நீரிலும் வேப்பிலை. பல் துலக்க அதன் குச்சி. சித்திரைப் புத்தாண்டில் பச்சடிக்கு அதன் பூ. சொறி சிரங்குக்குப் பூச அதன் எண்ணெய். பயிருக்கு எருவாக அதன் பிண்ணாக்கு.

ஆயினும், அதன் பெருமையை மட்டும் பேசி அமைவதற்கு நம் மனம் இடந்தரவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நம் உறவினர் இல்லத்திலே கைக்குழந்தை ஒன்றுக்குச் சளி கட்டியது. பாட்டியார் பாசத்தோடு ஒரு பாலாடை வேப்பெண்ணெய் புகட்டினார். சற்றுப் பொழுதில் வாந்தி கண்டது, பின்பு மயக்கம், மூச்சு வாங்கிற்று, வலிப்பும் வந்தது. அன்று நாமும் அங்கிருந்தோம். "வேம்பு அம்மன் மரம், அது தீங்கு செய்யாது" என்று சொல்லித் திருநீறு இட்டுக் காத்திருக்கச் செய்தவர் நாமே. அயலார் ஒருவர் நம் பேச்சைக் கேளாமல் மருத்துவமனைக்குத் தூக்கி ஓடியதால் பிள்ளை பிழைத்தது. அன்று பேசியது நம் பக்தியன்று, நம் அறியாமை.

சிறு குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்த வேப்பெண்ணெய் ஈரலையும் மூளையையும் தாக்கியதை மலேசிய மருத்துவர்கள் 1981-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டனர். பச்சிளங்குழந்தைக்கு ஒரு தேக்கரண்டியும் ஆபத்தே. கருவுற்ற தாய்மாரும் அதனை உட்கொள்ளலாகாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் வேப்பிலைச் சாற்றையும் மருத்துவரைக் கேளாமல் பருகலாகாது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். குழந்தை தவறி எண்ணெயைக் குடித்துவிட்டால், வலிந்து வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எதனை, எவ்வளவு கொடுத்தோம் என்பதை நாணி மறைக்காமல் சொல்லுங்கள்.

பெருமான் ஆலகாலத்தை உண்டபோது அன்னை அவன் கண்டத்திலே கைவைத்துத் தடுத்தாள். விடம் அங்கேயே நின்றது. வேளூரில் தைலம் ஏந்தியதும் அத்திருக்கரமே. கொடுக்கவும் அறிந்து தடுக்கவும் அறிந்த கையே தாயின் கை. இவ்விழாவில் வேம்பை வலம் வரும் தாய்மார்கள், இல்லம் திரும்பியதும் வேப்பெண்ணெய்க் குப்பியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். அதுவும் தையல்நாயகிக்குச் செய்யும் வழிபாடே.

திருச்சிற்றம்பலம்.