வீட்டுக்கு எந்த வழி?



மைன்கிராஃப்ட் சர்வரில் ‘ஹோம்’ கட்டளை வேண்டுமா, வேண்டாமா என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மல்லுக்கு நின்றார்கள். அதைத் தட்டினால் காட்டில் நிற்பவர் நொடியில் வீட்டு வாசலில்! மூல விளையாட்டில் அது இல்லை. சர்வர் நடத்துபவர்கள் சேர்ப்பது. இருட்டில் பூதத்திடம் மாட்டிச் செத்தால் பையிலுள்ளதெல்லாம் சிதறிப்போகுமே, சின்னப் பிள்ளைகள் அழமாட்டார்களா?

2021-இல் வந்த வால்ஹைம் நடுவழி கண்டது. ஒரே பெயரிட்ட இரண்டு வாசல்கள் கட்டினால் ஆள் தாவலாம். ஆனால் வழக்கமான விதிப்படி செம்பு, வெள்ளீயம், இரும்பு கையிலிருந்தால் சாதாரண வாசலில் நுழைய முடியாது. கடல் தாண்டணும்னா படகில் ஏற்றித்தான் கொண்டுவரணும். பெர்ணம் ஆற்றுப் படகுகளைப் பார்த்து வளரும் நமக்கு இது புதுசா என்ன!

என் கட்சி இது: கட்டளை இருக்கட்டும், ஒரு தடவையாவது நடந்தே வீடு வந்து சேர்ந்தவர்களுக்கு.