குறிஞ்சியின் நீலம் ஒன்றா?



நம் வட்டம் பத்தாண்டு நிறைவு கண்டிருக்கிறது. குறிஞ்சிச் செடியின் கணக்கில் இஃது இன்னும் பூவாப் பருவம். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ஒருமுறை பூத்து, விதை ஈந்து மடிவது அதன் இயல்பு. 1994, 2006, 2018 என அது மலைகளை மூடிப் பூத்த ஆண்டுகளை நாம் அறிவோம். அடுத்த முறை 2030ஆம் ஆண்டில் வரும்.

அப்பூவைப் பாடும் நம் கவிதைகள் பலவற்றில் 'நீலம்' என்னும் ஒரே சொல் அதன் நிறத்தை முடித்துவிடுகிறது. பூவோ அவ்வாறு முடிவதில்லை. புதிதாய் விரிந்த மலர் வெளிர்நீலம். முதிர முதிர ஊதா கலந்த நீலம். ஒரே சரிவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். அரிதாக, நிறமி குன்றிய செடி வெள்ளையாகவும் பூக்கும். பூவிதழ்களில் நீலமும் ஊதாவும் தோன்றுவதற்கு ஆந்தோசயனின் என்னும் நிறமிகளே பெரும்பாலும் காரணம். அவற்றின் அளவும் இதழ்ச்சாற்றின் தன்மையும் மாறினால் நிறமும் மாறும். தொலைவிலிருந்து ஒற்றைப் போர்வையாகத் தெரிவது, அருகே சென்றால் பல அகவைகளின் கூட்டமாகிறது.

நம் மொழி இவ்வேறுபாட்டை அறியாததன்று. திருமாலைக் கரியவன் என்றும், நீலவண்ணன் என்றும், பச்சைவண்ணன் என்றும் ஒரே மரபு பாடியது. 'நீலம்' என்னும் சொல் நிறத்தையும் குறிக்கும். கருங்குவளை மலரையும் குறிக்கும். நிறங்களுக்கிடையே வேலி கட்டாத மொழி இது. அந்த நெகிழ்ச்சி கவிஞனுக்குக் கிடைத்த செல்வம். அதுவே பாராமல் எழுதுவதற்குச் சாக்காகிவிடலாகாது.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எண்ணிப் பாருங்கள். தேவகுலத்தார் அங்கே குறிஞ்சிப் பூவின் நிறத்தைச் சொல்லவேயில்லை. தண்டின் கருமையைச் சொன்னார். பூவிலிருந்து வண்டினம் ஆக்கும் தேனைச் சொன்னார். எல்லார் கண்ணிலும் முதலிற்படும் நிறத்தை விடுத்து, குனிந்து நோக்குவோர்க்கே புலப்படும் தண்டைத் தேர்ந்தார். நிலத்தையும் வானையும் கடலையும் விஞ்சிய அன்பைப் பேச வந்த பாடல், அப்பெருமையை ஒரு புதரின் நுண்மையில் ஊன்றி நிற்கிறது. பார்த்தவர் பாட்டு அது.

இன்று பார்ப்பதற்குரிய இடமே சுருங்கி வருகிறது. சோலைக் காடுகளை அடுத்த புல்வெளிகளில் வளரும் செடி இது. நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் அப்புல்வெளிகளிற் பெரும்பகுதி தேயிலைக்கும் யூக்கலிப்டஸ், சீகை மரங்களுக்கும் இடமாகிவிட்டது. கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்ததும் இக்கவலையின் விளைவே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விதையிடும் செடிக்கு, அந்த ஓராண்டுப் பூவைப் பறித்தலும் மிதித்தலும் சிறு இழப்பல்ல.

குறிஞ்சி என்பது நமக்கு ஒரு திணையின் பெயர், ஒழுக்கத்தின் பெயர், பண்ணின் பெயர். செடி அழிந்தாலும் இப்பெயர்கள் ஏட்டில் வாழும். ஆயின் அவை பொருளை இழந்த சொற்களாகவே வாழும். கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: 2030இல் மலையேறுங்கள். பூவைப் பறியாது, அருகே அமர்ந்து, எத்தனை நீலம் என்று எண்ணுங்கள். பின்னர் எழுதுங்கள்.