மெல்லெனச் செல்லும் இசை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இவ்விழாவில் சிறிது நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். நாம் சங்கீத வித்துவான் அல்லோம். மேடைப் பழக்கமும் நமக்கு இல்லை. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாகபுரியில் ரயில்வே பார்சல் ரசீதுகளுக்கிடையே காலம் கழித்துவரும் குமாஸ்தா. ஆயினும், இரண்டாம் சனிக்கிழமைதோறும் நம் சங்கத்தில் நடைபெறும் இசை கேட்கும் கூட்டத்திற்கு ஒலிநாடாக்களையும் இசைத்தட்டுகளையும் சுமந்துவரும் பணி நம்முடையது. அந்த உரிமையில் இங்கு நிற்கிறோம்.

அக்கூட்டம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கியபோது முப்பது பேர் வந்தனர். சென்ற மாதம் வந்தவர் எழுவர். அவருள்ளும் ஒருவர் மண்டபத்தைப் பூட்டுவதற்காக வந்த காவலர். எனவே அந்நேரத்தை வேறொரு நிகழ்ச்சிக்கு ஒதுக்கலாம் என்ற யோசனை நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. யோசனை செய்தவர்கள்மீது நமக்கு வருத்தம் இல்லை. “எப்போதும் மெதுவான பாட்டாகவே போடுகிறீர்கள், உட்கார்ந்தால் உறக்கம் வருகிறது” என்று அவர்கள் கூறும் குறை உண்மையான குறைதான். சென்ற ஆண்டு மண்டபத்தில் குறட்டை விட்ட அன்பர் ஒருவர் இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம். அவர் உறங்கியதில் நமக்கு மகிழ்ச்சியே. மூன்று இரவு தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

உறங்க வைப்பது மட்டுமே மெதுவான இசையின் வேலை என்றால், அதற்காக ஒரு மண்டபமும் ஒரு மாலைப்பொழுதும் வேண்டியதில்லை. ஆகவே அதன் தன்மையை முதலில் சிறிது சொல்லிவிடுகிறோம்.

நடையில் விளம்பம், மத்திமம், துரிதம் என மூன்று உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆதி தாளத்துக்கு எண்ணிக்கை 8. அதனையே இரண்டு களையில் போட்டால் 16 ஆகும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே இடைவெளி விரிகிறது. அந்த வெளியில் பாடகர் சும்மா இருப்பதில்லை. ஒரே சுரத்தை அசைத்து, வளைத்து, அதன் அண்டைச் சுரங்களைத் தொட்டுத் திரும்புகிறார். மேலே அசையாதது போல் தோன்றி அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றுநீரைப் போன்றது அது. தாளம் தளர்ந்து இழுபடுவதை விளம்பம் என்று எண்ணுதல் தவறு. விரைவாகப் பாடும்போது சிறு பிழைகளை வேகமே மூடி மறைத்துவிடும். மெதுவாகப் பாடுவோர்க்கு அந்தப் போர்வை கிடையாது. நீண்ட சரக்கு வண்டியைக் குலுங்காமல் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதை இங்குள்ள ஓட்டுநர் நண்பர்களைக் கேட்டால் தெரியும்.

நம் தமிழ்நாட்டில் இந்த நடைக்கு அரசர் என்று சொல்லத்தக்கவர் திருவாரூரில் பிறந்து 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர். அவர் வீணை வல்லவர். மீட்டிய தந்தியின் நாதம் தேயுமுன் அதனை இழுத்து இழுத்து அசைவுகளை வருவிப்பது வீணையின் இயல்பு. அவ்வியல்பு அவருடைய கிருதிகளில் நிறைந்திருக்கிறது. இளமையில் அவர் சிதம்பரநாத யோகி என்பவருடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் அங்கே தங்கியிருந்தார். கங்கைக் கரையில் அவர் கேட்ட துருபத இசையின் நிதானமே பின்னர் அவர் பாடல்களில் படிந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். யமுனா கல்யாணி, துவிஜாவந்தி முதலிய வடநாட்டுச் சாயலுள்ள ராகங்களையும் அவர் ஆண்டிருக்கிறார். நம்மைப்போல் வடக்கே போய் வாழ்ந்த ஒருவர், அங்கிருந்து ஊருக்குக் கொண்டுசென்ற பொருள் இந்த நிதானம் என்று எண்ணும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது. அக்காலத்தில் ரயில் கிடையாது. நம் நாட்டின் முதல் பயணி வண்டி பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது 1853-இல். அதாவது, தீட்சிதர் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து. அவர் இசையில் அவசரம் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் வேடிக்கையாக நினைப்பதுண்டு.

பிற்காலத்தில் இந்த நடை ஏன் மெலிந்தது? பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல்தான் ஓடும். அதற்குள் ஒரு பாட்டை முடித்தாக வேண்டும். கச்சேரி முறையும் மாறியது. அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் அவர்கள் மத்திம கால நடையில் பல உருப்படிகளை விறுவிறுப்பாகத் தொடுத்து அமைத்த முறை எல்லோர்க்கும் உகந்ததாகி நிலைபெற்றது. அதில் குற்றம் சொல்ல நாம் யார்? அம்முறை இல்லாவிடின் பாமர மக்கள் பலர் சபைக்கு வந்திருக்கவே மாட்டார்கள். ஆயினும் மெதுவான நடையை விடாமல் காத்தவர்களும் இருந்தனர். 1938-இல் மறைந்த வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையில் தம் இல்லத்தில் வாசிப்பார். ஒலிபெருக்கி இல்லை, ஓசை செய்வோரை அவர் பொறுக்கமாட்டார், பெரிய வித்துவான்களே வந்து வாய்மூடி அமர்ந்திருந்தனர். எம்.டி. இராமநாதன் அவர்கள் தாழ்ந்த குரலில், தமக்கே உரிய தாமதத்தோடு 1984-இல் மறையும்வரை பாடிவந்தார். அவர் பாட்டில் பொறுமை இழந்தோரும் உண்டு. அதற்காகவே அவரைத் தேடிச் சென்றோரும் உண்டு.

நிற்க. இவை யாவும் நூல்களிலிருந்தும் பெரியோரிடமிருந்தும் அறிந்தவை. நாமே கண்டறிந்தது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இம்மேடை ஏறினோம்.

நம் சொந்த ஊர் நாகப்பட்டினம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அவ்வூரைக் கடல் எவ்வாறு சூறையாடியது என்பதை யாவரும் அறிவர். நம் இல்லம் கரையிலிருந்து தள்ளி இருந்தமையால் தப்பியது. நம் அன்னையாரின் தமக்கை கரையோரம் குடியிருந்தார், அவர் தப்பவில்லை. அடுத்த மாதமே அன்னையாரை இந்நகருக்கு அழைத்துவந்துவிட்டோம். கடலே இல்லாத ஊர். மனம் ஆறும் என்று நினைத்தோம்.

அப்போது நாம் இருந்த ரயில்வே குடியிருப்பு தண்டவாளத்தை ஒட்டியது. வடக்கு தெற்காகச் செல்லும் பாதையும் கிழக்கு மேற்காகச் செல்லும் பாதையும் சந்திக்கும் ஊராதலின், இரவு முழுவதும் சரக்கு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். நமக்கு அந்த ஓசை தாலாட்டுப்போலப் பழகிவிட்டது. அன்னையாருக்கோ, தொலைவில் இரைச்சல் எழுந்து, வளர்ந்து, சுவரை அதிரச்செய்து வருவது வேறொன்றாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்துகொள்வார். “தம்பி, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதே” என்பார். வண்டி என்று சொன்னால் புரிந்துகொள்வார். அடுத்த வண்டிக்கு மறுபடியும் எழுந்து உட்காருவார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரவில் உறக்கம் வந்தது. பகலில் தலை தூக்க முடியவில்லை. நான்கு நாளில் மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்நாளில் நம்மிடம் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்தது. நாகப்பட்டினம் நீலாயதாட்சி அம்மன்மீது தீட்சிதர் நீலாம்பரி ராகத்தில் செய்த கிருதியை ஒருவர் வீணையில் வாசித்த ஒலிநாடாவும் இருந்தது. அன்னையார் பிறந்து வளர்ந்தது அந்தக் கோயிலுக்கு அருகில். நீலாம்பரி தாலாட்டுக்கு உரிய ராகம். பள்ளியறை வேளையில் நாகசுரத்தில் வாசிக்கப்படுவது. சிறுமியாக இருந்தபோது படுத்துக்கொண்டே அதைக் கேட்டதாக அவர் முன்னம் சொல்லியிருந்தார். ஆதலால் ஓர் இரவு அதனை மெல்ல ஒலிக்க வைத்தோம்.

அவர் உடனே உறங்கிவிட்டார் என்று இங்கே சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். உறங்கவில்லை. அன்று மட்டுமன்று, அந்த வாரம் முழுதும் உறங்கவில்லை. ஆனால் வண்டி வந்தபோது எழுந்து உட்காரவும் இல்லை. படுத்தபடியே, போர்வையின்மேல் விரலால் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் சங்கீதம் கற்றவர் அல்லர். ஒரு நாள் காலையில் நாமே கேட்டோம். “தூக்கம் வரவில்லை, தம்பி. ஆனால் விடிகிறவரைக்கும் படுத்திருக்க முடிகிறது” என்றார்.

இதன் காரணத்தை நாம் பலநாள் எண்ணியிருக்கிறோம். விளம்ப காலப் பாட்டில் அடுத்த தட்டுக்காக நெடுநேரம் காத்திருக்கிறோம்; அது வரும் என்று தெரியும்; வந்தும் விடுகிறது. மறுபடியும் காத்திருக்கிறோம், மறுபடியும் வருகிறது. எது வந்து விழுமோ என்று இருட்டில் காத்திருந்த ஒருவருக்கு, நல்லது வருவதற்கும் காத்திருக்கலாம் என்று அந்த வீணை காட்டியது போலும். இன்ன ராகம் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இன்ன ராகம் நீரிழிவை நீக்கும் என்று பட்டியல் கேட்டு நம்மிடம் வருவோர் இப்போது பலர். அத்தகைய பட்டியல் நம்மிடம் இல்லை. அதற்கு டாக்டரிடம் செல்லுங்கள் என்றே சொல்லிவருகிறோம்.

நம் அலுவலகத்தில் மூத்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். இந்தூரில் பிறந்த மராட்டியர். நாங்கள் எல்லோரும் அவரைக் ‘காகா’ என்று அழைப்போம். அன்னையாரின் நிலையை அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிநாடா ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். உஸ்தாத் அமீர்கான் பாடிய தர்பாரி. அந்த உஸ்தாத் இந்தூர்வாசி. 1974-இல் கல்கத்தாவில் மோட்டார் விபத்தில் காலமானவர். மிக மெதுவான கயால் பாடுவதில் அவருக்கு நிகர் அரிது. அவர் விரும்பிய ஜூம்ரா தாளத்துக்கு எண்ணிக்கை 14. ஒரு சுற்று முடிய ஒரு நிமிடத்தை ஒட்டிச் செல்வதுண்டு. நம் கிருதியைப்போல் அங்கே சாகித்தியம் நிறைந்திருப்பதில்லை. நாலைந்து சொற்களே. அவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்ற முனைப்பு இராது. தபலா பொறுமையாகத் தன் வழியே சென்றுகொண்டிருக்கும். பாடகர் எங்கெங்கோ உலாவிவிட்டு, சுற்றின் முதல் தட்டில் வந்து இறங்குவார். இளைஞராக இருந்தபோது காகா அவரை நேரில் கேட்டவர்.

அன்னையார் கண்ணை மூடிக் கேட்டார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். “யார் தம்பி இவர்? இவருக்கும் வண்டியைப் பிடிக்கவேண்டிய அவசரம் இல்லை போலிருக்கிறது” என்றார். நாம் மொழிபெயர்த்துச் சொல்ல, காகா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். அன்னையாரைத் ‘தாயீ’ என்று கூப்பிடுவார். தம்மைத் தாய் என்று அழைப்பதாகவே அன்னையார் நெடுங்காலம் எண்ணியிருந்தார். மராட்டியில் அதற்குத் தமக்கை என்பது பொருள் என்று நாம் ஒருநாள் சொன்னபோது, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருக்கு இன்னொரு தோசை போடச்சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தாம் வளர்ந்து 2009-இல் இச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம் ஆயின. முதற் கூட்டத்துக்கு வந்த முப்பது பேரில் அவ்விருவரும் இருந்தனர். அன்னையார் 2013-இல் இறைவனடி சேர்ந்தார். காகா ஓய்வுபெற்று இந்தூருக்கே சென்றுவிட்டார்.

நிர்வாகக் குழுவினரிடம் நாம் கேட்பது இதுதான். எழுவர் வந்தாலும், காவலரோடு அறுவரேயானாலும், இன்னும் ஓராண்டுக்கு அந்த ஒருமணி நேரத்தை விட்டுவையுங்கள். நம் பக்கத்தில் இருந்த பிழைகளையும் திருத்திக்கொள்கிறோம். ஒரு மாலையில் ஆறேழு பாட்டுகளைத் திணித்து, இடையிடையே விளக்கமும் சொல்லி நாமே கேட்போரைக் களைப்புறச் செய்திருக்கிறோம். இனி ஒரு மாலைக்கு இரண்டே உருப்படிகள், விளக்கம் கிடையாது. கைப்பேசியை மட்டும் வாசலில் அணைத்துவிட்டு வரவேண்டும். இரவு வேலை முடித்து வருவோர் படுத்துக்கொண்டே கேட்கலாம்; யாரும் ஒன்றும் சொல்லார்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு முதலில் வீணையில் நீலாம்பரி; அடுத்து காகா விட்டுச்சென்ற தர்பாரி. ஒலிநாடா பழையது, நடுவில் ஓரிடத்தில் கரகரக்கும். பாய் விரித்திருப்போம். தலையணை வேண்டுவோர் கொண்டுவரலாம்.