பைக்கில் வழிகாட்ட கையிலுள்ள போன் போதுமா?

(தோட்டப் பிள்ளைக் காம்பராவில் கூடிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்தது சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் அதில் காசும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. நமது தோட்டத்துப் பொடியன்மார் பலர் கொழும்பில் பைக்கில் சாப்பாடும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறார்கள். பைக்குக்கு லீசிங் கட்டிக்கொண்டு இருக்கும்போதே, "வழிகாட்டும் மெசின் ஒன்றும் தனியாக வாங்கணுமா?" என்று சிலர் வீட்டில் கேட்கிறாங்க.

கார்மின் போன்ற கம்பனிகள் மோட்டார் சைக்கிளுக்கென்றே அப்படி மெசின் செய்கின்றன. மழைக்கும் குலுக்கலுக்கும் தாங்கும். கையுறை போட்ட விரலாலும் அழுத்தலாம். வெயிலிலும் படம் தெரியும். நல்ல சாமான்தான், ஆனால் விலை கூட. நமது பிள்ளைகளின் வேலைக்குக் கையிலுள்ள போனே போதும். அதற்காகக் கடன் படவேண்டாம் என்பதே எமது கருத்து.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செய்மதிகள் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சமிக்ஞையாவது கிடைத்தால் போன் தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டா பிடிப்பது வரைபடத்துக்குத்தான். ஆகையால் வைஃபை உள்ள இடத்தில் கூகுள் மேப்பில் போகப்போகும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மலைக்குள் சிக்னல் போனாலும் வழி தெரியும். நெரிசல் விபரம் மட்டும் கிடைக்காது.

இனிக் கவனிக்க வேண்டிய நாலு காரியம்.

முதலாவது, குலுக்கல். பெரிய என்ஜின் பைக்கின் அதிர்வு போன் கமெராவைப் பழுதாக்கலாம் என்று அப்பிள் கம்பனியே 2021இல் எச்சரித்தது. அதிர்வைக் குறைக்கும் பிடியில் இறுக்கமாகப் பூட்டுங்கள். நல்ல போனைச் சட்டைப் பையில் வைத்து, பழைய போனை ஹேண்டிலில் பூட்டினாலும் சரி.

இரண்டாவது, மழை. நமது பக்கத்து மழையைச் சொல்லவா வேணும்? திரையில் தண்ணீர் பட்டால் விரல் வைக்காமலே அது தாறுமாறாக ஓடும். மூடிய உறை போடுங்கள். சார்ஜ் ஏற்றும் துவாரம் ஈரமாக இருக்கும்போது வயரைக் குத்தவேண்டாம்.

மூன்றாவது, பற்றரி. வழிகாட்டிக்கொண்டே ஓடினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பைக் பற்றரி 12 வோல்ட், போனுக்குப் போவது 5 வோல்ட். அதை மாற்றும் சார்ஜரை பியூஸ் வைத்துத் தெரிந்த மெக்கானிக்கிடம் பூட்டுங்கள். கண்டபடி வயர் இழுக்கக்கூடாது.

நான்காவதுதான் பெரியது, கண். ஓடிக்கொண்டே போனை அழுத்துவது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு செக்கனில் பைக் 10 மீட்டர் தாண்டும். மூன்று செக்கன் குனிந்து பார்த்தால் 30 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். போகும் இடத்தைப் புறப்படும் முன்பே போட்டுவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்துங்கள். தாய்மார்களே, பிள்ளை பைக்கில் ஓடும் நேரம் தெரிந்தால் அப்போது போன் எடுக்காதீர்கள். அவன் நிறுத்திவிட்டுப் பேசட்டும்.

இன்னொன்று. போன் கிட்டிய வழியைக் காட்டும், நல்ல வழியைக் காட்டும் என்று இல்லை. தோட்டத்துக் கல்பாதையையும் ரோட்டு என்று காட்டிவிடும். 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது மலையகத்தில் எத்தனையோ பாதைகள் மண்சரிவில் அடைபட்டன. பாதை சரிந்த அதே நிமிசத்தில் போனுக்குத் தெரியாது. அந்த நேரங்களில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். சந்தியில் நிற்கும் மனிசரிடமும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது லயங்கள் பலவற்றுக்குச் சரியான முகவரி கிடையாது. இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட்டால் "எந்த இடம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தச் சேவை இலவசம். ஆனால் வாகனம் லயத்தைத் தேடி அலைந்தால் நேரம் போய்விடும். ஆகையால் தோட்டத்தின் பெயர், டிவிசன், வாகனம் வரக்கூடிய பாதை, பக்கத்துக் கோயில் அல்லது கொழுந்து மடுவம், இவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். போனில் மேப்பைத் திறந்து உங்கள் லயம் இருக்கும் இடத்தைச் சேமித்து வையுங்கள். ஒருவர் போனில் பேச, இன்னொருவர் டோர்ச் லைட்டோடு சந்திக்குப் போய் நிற்கட்டும்.

இதற்கு ஐந்து சதம் செலவில்லை. ஒவ்வொரு லயத்திலும் போன் தெரிந்த ஒரு பிள்ளை இந்த வாரமே இதைச் செய்து, பெரியவர்களுக்கும் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செய்யத் தெரியாவிட்டால் எங்களிடம் வாங்க, சேர்ந்து செய்வோம்.