சைடுகார் ஓட வேண்டும்

காவிரிப் படுகையில் ஒரு பழைய வீட்டின் மாட்டுக் கொட்டகையில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், 1960களின் புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அதன் சைடுகார் கழன்று கிடக்கிறது. வீட்டுக்காரர் முன் மூன்று வழிகள் உண்டு. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாம். பெருநகரத்துக்கு அனுப்பி, புதுப் பெயிண்ட், புது குரோமியப் பூச்சு என்று பளபளக்க வைத்து, கூடத்தில் நிறுத்தலாம். உள்ளூர்ப் பட்டறையிலேயே பிரித்து, கெட்டதை மட்டும் மாற்றி, மாதத்தில் சில நாளாவது ரோட்டில் ஓட்டலாம். மூன்றாவது வழியே சரியானது என்பது என் வாதம். முதல் வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் ஏமாற்றக்கூடியது. வண்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவை அது தருகிறது. ஆனால் நிறுத்தியே வைத்த இன்ஜினுக்குள் சிலிண்டர் சுவரில் துரு ஏறும், ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும், டேங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். நம் பக்கத்து ஈரக் காற்றில் இவையெல்லாம் இன்னும் விரைவாகவே நடக்கும்.

இந்த வேலைக்கு நெல் விளையும் ஊர் ஏன் பொருத்தமானது என்று கேட்கலாம். அதற்கு அந்த இன்ஜினையே பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் முதலில் புல்லட்டின் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரிலோ அதே வார்ப்பிரும்பு இன்ஜின் இந்த நூற்றாண்டிலும் பல ஆண்டுகள் தயாரானது. 350 மாடலில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. அகலம் குறைவு, ஓட்டம் நீளம், உள்ளே கனமான பிளைவீல். வேகம் குறைவாக இருந்தாலும் இழுவை விடாத அமைப்பு இது. பக்கத்தில் ஒரு தொட்டியையும் அதில் ஒரு ஆளையும் வைத்து இழுக்க இதுதான் வேண்டும். வயலில் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினும் இதே குடும்பம்தான்: ஒற்றை சிலிண்டர், கனத்த சக்கரம், நிதானமான அடி. புல்லட்டின் டீசல் வகை ஒன்றே 1990களில் விற்பனையில் இருந்தது. பம்பு செட்டின் சத்தத்தைக் கேட்டே வால்வு கோளாறா, டைமிங் கோளாறா என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்குக் கணினித் திரை எதுவும் தேவையில்லை. அந்தக் காது இங்கே இன்னும் இருக்கிறது. பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு ஒரு மிதவை புஷ்ஷின் மேல் சுழல்கிறது. அதைக் கடைந்தெடுக்க நல்ல லேத்தும் அளவு பார்க்கத் தெரிந்த கையும் போதும்.

தகட்டு வேலையும் அப்படித்தான். சைடுகார் தொட்டியில் பெரும்பாலும் கீழ்த்தகடுதான் அரித்திருக்கும், மேல்தகடு நெளிந்திருக்கும். நெளிந்த இடத்தில் கிலோ கணக்கில் பட்டி அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது இன்று எளிதான வழியாகிவிட்டது. கொட்டாப்புளியால் உள்ளிருந்து மெல்லத் தட்டி நிமிர்த்தினால் பழைய தகடே மிஞ்சும். பாத்திரத்துக்குப் பேர்போன கும்பகோணமும், குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோவிலும், தகட்டில் உருவங்களைப் புடைத்தெடுக்கும் தஞ்சாவூர்த் தட்டும் உள்ள வட்டாரத்தில் உலோகத்தைத் தட்டத் தெரிந்த கைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அளவுக்கு மீறிய தேய்ப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அழிந்துபோனால் ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க அலைய வேண்டியிருக்கும். சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனத்தை 'வி.ஏ.' வரிசையில் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே வைத்திருக்க வேண்டும்.

மூல வடிவம் என்றால் ஒரு புஷ்ஷைக்கூட மாற்றக்கூடாதே என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்லணையைப் பார்க்கட்டும். 1830 வாக்கில் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே மணல் போக்கிகள் அமைத்தார். தண்ணீரைத் தொடர்ந்து பிரித்துவிட அது தேவைப்பட்டது. அதனால் அது கரிகாலன் அணை இல்லை என்று காவிரிக் கரையில் எவரும் சொல்வதில்லை. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்களை மாற்றுவதும், தேயாத பாகங்களை அழகுக்காகத் தூக்கி எறிவதும் வேறு வேறு. கழற்றும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். கழற்றிப் பூட்டுவது ஒரு கல்வியும்கூட. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார் என்பது பலரும் அறிந்தது. பளபளப்புக்காக மட்டும் செய்யும் வேலையில் வண்டிச் சொந்தக்காரருக்கு அந்தக் கல்வி கிடைக்காது.

இனி, பாதுகாப்பு. சைடுகார் ஆபத்தானது என்ற எதிர்ப்பை நான் தள்ளிவிட மாட்டேன். அது இருசக்கர வண்டியும் இல்லை, காரும் இல்லை. நம் நாட்டில் தொட்டி இடது பக்கம் இருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் தொட்டியின் கனம் வண்டியை இடது பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் தொட்டி முன்னே தள்ளி வலது பக்கம் திருப்பும். இடது வளைவில் வேகம் கூடினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும். தொட்டி காலியாக இருந்தால் இன்னும் சுலபமாக எழும். இத்தனையையும் கட்டுக்குள் கொண்டுவருவது பூட்டும் முறை. இரண்டு நேரான மரச்சட்டங்களைச் சக்கரங்களையொட்டி வைத்து அளந்தால், சைடுகார் சக்கரம் முன்பக்கம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்க வேண்டும். அதன் அச்சு, வண்டியின் பின் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால், வண்டி தொட்டிக்கு எதிர்ப்பக்கம் இம்மியளவு சாய்ந்திருக்க வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் சாமான்களே இதற்குப் போதும். பழகும் நாட்களில் தொட்டியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கட்டி வைத்து, வண்டி நடமாட்டமில்லாத திடலில் இடது வளைவை மட்டும் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். மோசமாகப் பூட்டிய சைடுகார்கள் வாங்கிக்கொடுத்த கெட்ட பெயரைத்தான் நன்றாகப் பூட்டியவையும் சுமக்கின்றன.

சட்டத்தின் கண்ணில் இது விசித்திரப் பொருளும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளை வரையறுக்கும்போதே, கழற்றக்கூடிய சைடுகாரையும் அதில் சேர்த்தே சொல்கிறது. அன்று சைடுகாரில் உட்காருபவருக்கு ஹெல்மெட் விலக்கு இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு நான்கு வயதைக் கடந்த எவருக்கும் அந்த விலக்கு இல்லை. தொட்டியில் உட்காரும் பாட்டிக்கும்தான். 'வி.ஏ.' வரிசையில் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அப்படியானால் ஓட்டச் சொல்வதில் என்ன பொருள் என்பீர்கள். தினமும் கடைத்தெருவுக்கு ஓட்டச் சொல்லவில்லை. பராமரிப்பு ஓட்டமும் பேரணியும் தவறாமல் நடந்தாலே இன்ஜினுக்குப் போதும். புகையைப் பற்றிய குறைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இக்னிஷன் பாயிண்டும் கார்புரேட்டரும் சரியாக வைத்த பழைய வண்டி ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடுவதால் வரும் புகை, நாள்தோறும் ஓடும் ஒரு வண்டியின் புகைக்கு முன்னால் சிறிது. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று: இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள 20 சதவீத எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். குழாயையும் வாஷரையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், ஓட்டாத மாதங்களில் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவைப்பதும் இன்று தவிர்க்க முடியாதவை.

இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் சுகத்துக்குச் சமவெளியைப் போல இடமில்லை. மேடு ஏற வேண்டிய பாடில்லாததால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது, நான்காவது கியரிலேயே இன்ஜின் அலுக்காமல் இழுக்கும். மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவு நடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் திருவையாற்றிலிருந்து கிழக்கே போகும் சாலை ஓட்டுவதற்கு அருமையானது. தொட்டியில் இருப்பவர் தரைக்கு அருகில், முகத்தில் காற்றுப் பட, வாய்க்காலும் வரப்பும் பார்த்துக்கொண்டு வரலாம். காலைத் தூக்கிப் பின் சீட்டில் ஏற முடியாத முதியவருக்கு இது காரில் கிடைக்காத இன்பம். தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்தில் மட்டும் விலகி இருப்பது நல்லது. ரோட்டில் நெல் காயும்; இருசக்கர வண்டி ஒதுங்கும் இடைவெளியில் மூன்று சக்கரம் நுழையாது; காயும் நெல்லின் மேல் ஏற்றுவது பாவம்.

ஒரு வேண்டுகோள். இந்த வண்டிகளைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் அறிந்த அளவுகள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சைடுகார் சக்கரத்தின் கோணம், செயின் பல்சக்கரத்தின் பற்கள், கார்புரேட்டர் ஜெட் எண், எந்தப் பாகம் எந்தத் தேதியில் மாறியது என்பதை அந்த மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். டெல்டாவின் ஐ.டி.ஐ. மாணவர்கள் இருவரையாவது அந்தப் பட்டறைக்கு அழைத்து, பூட்டும் நாளன்று மரச்சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.