மோட்டார் இன்ஷூரன்ஸும் நமது தப்பெண்ணங்களும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்யப்பெற்ற உபந்நியாசம்)



மோட்டார் கார் இன்று நம்மவர் இல்லங்களில் அபூர்வமான பொருளன்று. அதை வாங்குமுன் நிறத்தைக் குறித்து ஒரு மாதம் ஆலோசிக்கிறோம். அதனோடு வரும் பாலிசிப் பத்திரத்தையோ ஒரு நாழிகையேனும் வாசிப்பதில்லை. அதன் பலன் விபத்து நேர்ந்த பின்னரே தெரியவருகின்றது. ஆகவே, இவ்விஷயத்தில் வேரூன்றிய தப்பெண்ணங்கள் சிலவற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலாவது, “சட்டப்படி இன்ஷூரன்ஸ் இருக்கிறது, நம் வண்டிக்கு எது வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்பது. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த இக்கட்டாயம் 1946-ல் அமலுக்கு வந்தது. இப்போது வழங்குவது 1988-ம் வருஷத்துச் சட்டம். இரண்டின் நோக்கமும் ஒன்றே: நம் வண்டியால் அடிபட்டவனும் அவன் குடும்பமும் அநாதரவாய் நிற்கலாகாது. சட்டம் கேட்கும் காப்பு பிறருக்காகவே. நமது வண்டியின் சேதத்திற்கு அதில் ஒரு காசும் கிடையாது. அதற்குத் தனியே பிரீமியம் செலுத்தவேண்டும்.

இதிலிருந்தே மற்றொரு மயக்கம் பிறக்கின்றது. 2018 செப்டம்பர் முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்று வருஷக் காப்பு கட்டாயம். அது மூன்றாம் நபருக்குரியது மாத்திரமே. சொந்த வண்டிக்குரிய காப்பு பெரும்பாலும் ஒரு வருஷத்தோடு முடிந்துவிடும். “மூன்று வருஷம் கவலையில்லை” என்றிருப்போர் இரண்டாம் வருஷத்தில் வண்டி நொறுங்கியபின் கைபிசைந்து நிற்க நேரும்.

இரண்டாவது, “புல் இன்ஷூரன்ஸ்” என்றால் முழுத் தொகையும் வரும் என்பது. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி ஆகியவற்றின் விலையில் 50 சதவிகிதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவுண்டு. வண்டியே களவு போயினும், வாங்கிய விலை வராது. பாலிசியில் குறித்த மதிப்பே வரும். பிரீமியம் குறையுமென்று அம்மதிப்பைத் தாழ்த்திக்கொள்வது நம் கையாலேயே நம் நஷ்டத்தைத் தேடுவதாகும்.

1976-ல் அல்ல, அண்மையிலேயே, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளச் சேதம் சொந்த வண்டிக் காப்பில் அடங்கும். ஆயினும் நீரில் நிற்கும் வண்டியை ஓட்ட முயன்று என்ஜினுக்குள் நீர் புகுந்து கெட்டால், என்ஜினுக்கெனத் தனிக்காப்பு எடாதவருக்குப் பணம் மறுக்கப்படுவதுண்டு. வண்டியைத் தள்ளி அல்லது இழுத்துச் செல்வதே விவேகம்.

மூன்றாவது தப்பெண்ணமே குடும்பங்களைக் குலைக்கவல்லது. “காரை விற்றுவிட்டோம், இனி நமக்குச் சம்பந்தமில்லை” என்பது அது. தெரிந்தவர், உறவினர் என்ற தாட்சண்யத்தால் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றுவதை நாளைக்கென்று ஒத்திவைக்கிறோம். வாங்கியவர் பாலிசியைப் புதுப்பியாது விட்டு ஒருவர்மேல் மோதினால், நஷ்டஈட்டுப் பொறுப்பு யாருக்கு? கார் பல கை மாறியிருந்தும், பதிவில் பெயருள்ளவரே சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. விற்ற காருக்காக வீட்டை விற்கும் நிலை வரலாகாது. பெயர் மாற்றம் முடிந்த பின்னரே விற்பனை முடிந்ததென்று கொள்ளுங்கள்.

நான்காவது, இரவல் கொடுப்பது. கல்யாணத்துக்கும் கோயில் யாத்திரைக்கும் வண்டி கேட்டால் இல்லையென்பது நம் வழக்கமன்று, அது நன்றே. ஆனால் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதையாகாது. அஃதின்றி விபத்து நேர்ந்தால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையைச் சொந்தக்காரரிடமே வசூலிக்குமாறு தீர்ப்பாவதுண்டு. சொந்த உபயோகத்திற்கெனப் பதிந்த காரை வாடகைக்கு விடுவதும் பாலிசிக்கு விரோதம்.

இறுதியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் சொந்தக்காரர் தாமே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தால், அவர் குடும்பத்திற்கு 15 லட்சம் ரூபாய் தரும் காப்பு உண்டு. அவருக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்திருக்கவேண்டும். அக்காப்பு எடுக்கப்பட்டதா, வாரிசாக யார் பெயர் எழுதப்பட்டது, பத்திரம் எங்கே உளது என்பவற்றை மனைவி மக்கள் அறிந்திருத்தல் அவசியம். கணவர் பெட்டியில் பூட்டிவைத்த காகிதம், அதனை அறியாத குடும்பத்துக்கு உதவாது.

ஆதலின் இன்று வீடு சென்றதும் பாலிசியை எடுத்து, முடிவு தேதியையும், குறித்த மதிப்பையும், எழுதிய பெயர்களையும் குடும்பத்தோடு அமர்ந்து வாசிக்குமாறு வேண்டி, இவ்வளவில் அமைகின்றோம்.