கொள்ளை நோயைத் தடுக்கும் செலவு: சந்தாவா, சூதாட்டமா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆலைச் சங்கு ஒரே நாளில் அடங்கிப்போனதை நாம் மறக்கவில்லை. கூலி நின்றது. ஊர் திரும்ப வண்டியின்றி லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வெயிலில் நடந்தார்கள். அப்படிப்பட்ட நோய் இனி வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வேறு கிருமி, வேறு பெயரில் வரலாம்.

அதைத் தடுக்கும் செலவை உலக நாடுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன? யார் கொடுக்கிறார்கள், யார் பெறுகிறார்கள், நடுவில் யார் லாபம் அடிக்கிறார்கள்? இது பெரிய மனிதர்களின் விஷயம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் போடும் கணக்கு தவறினால் முதலில் சாகிறவன் உழைப்பாளிதான்.

சந்தாவும் நன்கொடையும்

நம் சங்கம் எதில் நடக்கிறது? உறுப்பினர் சந்தாவில் நடக்கிறது. ஒரு மில் முதலாளி வந்து, "நான் நன்கொடை தருகிறேன், ஆனால் நான் சொல்லும் காரியத்துக்கு மட்டும்தான் செலவிட வேண்டும்" என்றால் வாங்குவோமா? வாங்கினால் சங்கம் யாருடையது?

உலக சுகாதார ஸ்தாபனம் 1948ல் தொடங்கியது. இதிலும் சந்தா உண்டு. ஒரு நாட்டின் வருமானத்தையும் ஜனத்தொகையையும் பார்த்துப் பங்கு நிர்ணயிக்கிறார்கள். மிகப் பெரிய பங்கு 22 சதவிகிதம். அது அமெரிக்காவுக்கு விதிக்கப்பட்டது. மிகச் சிறிய பங்கு 0.001 சதவிகிதம். இந்தியாவின் பங்கு சுமார் 1 சதவிகிதம். சக்திக்கு ஏற்றபடி கட்டு, தேவைக்கு ஏற்றபடி பெறு! நம் ஈ.எஸ்.ஐ.யில் சம்பளத்துக்குத் தக்கபடி பிடித்து, நோய்ப்பட்டவனுக்கு வைத்தியம் செய்கிறார்களே, அதே தத்துவம்தான்.

ஆனால் பணக்கார நாடுகள் இந்தச் சந்தாவை உயரவிடாமல் நீண்ட காலம் முடக்கிவைத்தன. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஸ்தாபனத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் சந்தா. 2020-21ல் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! மிச்சமெல்லாம் நன்கொடை. அதில் பெரும்பகுதி, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பணம்.

கொரோனா அடித்த அடியில் புத்தி வந்தது. அடிப்படைச் செலவில் பாதியைப் படிப்படியாகச் சந்தாவாலேயே ஈடுகட்டுவது என்று 2022ல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. 2023ல் ஒரு முறை, 2025ல் ஒரு முறை, 20 சதவிகிதம் வீதம் சந்தா உயர்த்தப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், ஸ்தாபனத்தை விட்டு விலகுவதாக ஆணையிட்டார். விளைவு? 2026-27ஆம் ஆண்டுகளுக்கு 530 கோடி டாலர் என்று போட்டிருந்த திட்டம் 420 கோடியாக வெட்டப்பட்டது. ஒற்றைத் தூணை நம்பிக் கூரை போட்டால் இதுதான் கதி!

பிணத்தை எண்ணும் பத்திரம்

2017ல் உலக பாங்கி ஒரு புது வித்தை காட்டியது. கொள்ளை நோய்ப் பத்திரம் என்று 32 கோடி டாலருக்கு விற்றது. பணமூட்டைக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஏன் வாங்கமாட்டார்கள்? நோய் வராவிட்டால் போட்ட அசல் திரும்ப வரும், நடுவில் வட்டி. ஆபத்து அதிகமான பத்திரத்துக்கு 11 சதவிகிதத்துக்கும் மேல் வட்டி! இந்தச் செலவைச் சுமந்தவை ஜப்பான், ஜெர்மனி முதலிய சர்க்கார்கள். அதாவது அந்த நாட்டு ஜனங்களின் வரிப்பணம்.

நோய் வந்தால் அசல் ஏழை நாடுகளுக்குப் போகும் என்றார்கள். போயிற்றா? 2018 முதல் 2020 வரை காங்கோவில் எபோலா நோய் 2,287 உயிர்களைக் குடித்தது. பத்திரத்திலிருந்து ஒரு டாலர் வரவில்லை. ஏன்? இரண்டாவது நாடு ஒன்றிலும் குறைந்தது 20 பேர் செத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை! எல்லைக்கு அப்பால் அத்தனை பேர் சாகவில்லை. அப்போது காங்கோவுக்குக் கைகொடுத்தது, சர்க்கார்கள் முன்கூட்டியே ரொக்கமாகப் போட்டுவைத்திருந்த தனி நிதிதான்.

பிறகு கொரோனா வந்தது. 12 வாரம் கழிந்தால்தான் பணம் என்பது இன்னொரு நிபந்தனை. 2020 ஏப்ரலில், உலகமே பற்றி எரிந்த பிறகு, 64 நாடுகளுக்குச் சேர்த்து சுமார் 19 கோடியே 58 லட்சம் டாலர் கிடைத்தது. நாடு ஒன்றுக்குச் சராசரி 30 லட்சம் டாலர்! அந்த ஆண்டோடு பத்திர வித்தை மூட்டை கட்டப்பட்டது. வீடு சாம்பலான பிறகு தண்ணீர்க் குடத்தை அனுப்புவதா தீயணைப்பு?

முடியும் என்று காட்டிய சரித்திரம்

1958ல் சோவியத் சுகாதாரத் துணை மந்திரி விக்டர் ஷ்தானோவ், பெரியம்மையைப் பூமியிலிருந்தே ஒழிப்போம் என்று உலக சுகாதார மாநாட்டில் முன்மொழிந்தார். சோவியத் நாடு நூறு கோடிக்கும் மேற்பட்ட தடுப்பு மருந்து டோஸ்களை இலவசமாகக் கொடுத்தது. எதிரும் புதிருமாக நின்ற அமெரிக்காவும் இந்த வேலையில் சேர்ந்தது. 1967 முதல் 1979 வரை மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஏற்றவை, நோயில் தவித்த ஏழை நாடுகளே! இந்தியாவில் 1975ல் பெரியம்மை ஓய்ந்தது. 1980 மே மாதம் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. கூட்டு முயற்சி இருந்தது.

இந்தோனேசியாவின் வேலைநிறுத்தம்

பறவைக் காய்ச்சல் கிருமியை ஏழை நாடுகள் ஆராய்ச்சிக்கு இலவசமாக அனுப்பிவந்தன. கம்பெனிகள் அதிலிருந்து மருந்து செய்தன. அதன் விலையோ அந்த நாடுகளுக்கு எட்டாது. 2007ல் இந்தோனேசியா, "இனி கிருமி தரமாட்டோம்" என்றது. வேலைநிறுத்தம்தான், வேறென்ன? பேச்சு வார்த்தை நடந்து, 2011ல் ஒப்பந்தம் வந்தது. இந்த ஏற்பாட்டால் பயன்பெறும் மருந்துக் கம்பெனிகள் ஆண்டுதோறும் 2 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று விதியாயிற்று. லாபம் பெறுபவன் பங்கு கட்ட வேண்டும் என்ற நியாயம் போராட்டத்தால் பிறந்தது!

2025 மே மாதம் 124 நாடுகள் ஆதரவு தர, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இன்றி, கொள்ளை நோய் ஒப்பந்தம் நிறைவேறியது. நோய்க் காலத்தில் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியில் 20 சதவிகிதத்தை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு ஒதுக்குவதும், அதில் பாதியையாவது இலவசமாகத் தருவதும் அதன் நோக்கம். ஆனால் இதன் விவரங்களைப் பிற்பாடு பேசித் தீர்க்கலாம் என்று ஒத்திப்போட்டார்கள். எழுத்து எங்கே ஒத்திப்போடப்படுகிறதோ அங்கேதான் கம்பெனிகளின் கை நீளும். கூலி ஒப்பந்தத்தில் நாம் பார்க்காததா?

நாம் கேட்பது என்ன?

2022ல் உலக பாங்கியில் கொள்ளை நோய் நிதி ஒன்று தொடங்கியது. கொடுக்கும் நாடுகளுக்கும் பெறும் நாடுகளுக்கும் அதில் சம இடம் தந்தது நல்லதே. ஆனால் ஆண்டுக்கு 1,050 கோடி டாலர் சர்வதேச உதவி வேண்டும் என்று கணக்கிட்ட இடத்தில், 2024 வரை சேர்ந்தது சுமார் 200 கோடிதான். அதுவும் மனம் இருந்தால் கொடுக்கும் பணம். ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: நாடுகளின் சக்திக்கு ஏற்ற கட்டாயச் சந்தா வேண்டும். இந்தியாவும் தன் பங்கை முணுமுணுக்காமல் கட்ட வேண்டும்.

இரண்டு: நோய் வருமுன்பே ரொக்க நிதி கையில் இருக்க வேண்டும்.

மூன்று: பொதுப் பணத்தில் பிறந்த மருந்தின் செய்முறை பொதுச் சொத்தாக வேண்டும். 2021ல் இரண்டாவது அலை அடித்தபோது இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆப்பிரிக்க மக்கள் காத்துக் கிடந்தார்கள். பல நாடுகளில் மருந்து உற்பத்தியானால் யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

நான்கு: நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் நர்சும் நிரந்தர ஊழியர்களாக இருக்க வேண்டும். புதுக் காய்ச்சலை முதலில் பார்ப்பவர் ஜெனீவாவில் இல்லை. நம் கிராமத்துச் செவிலியர்தான்.

தோழர்களே! கிருமி எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. அதைத் தடுக்கும் உழைக்கும் மக்களின் ஒற்றுமையும் எல்லைக் கோட்டைப் பார்க்கக் கூடாது. சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பதில் கேளுங்கள்!